இனவெறி: ஒரு சொல் கடந்து வந்த பாதை

'இனவெறி' என்னும் சொல்லை நாம் செய்தித்தாள்களில் அடிக்கடி வாசிக்கிறோம், மேடைகளிலும் கேட்கிறோம். அதன் பொருள் யாவரும் அறிந்ததே என்று கருதுகிறோம். ஆயினும், ஒருவர் மீது இக்குற்றச்சாட்டு சுமத்தப்படும்போது அவர், "நான் எவரையும் வெறுப்பவன் அல்லன்" என்று மறுக்கிறார். குற்றம் சாட்டியவரோ, "நான் உமது வெறுப்பைப் பற்றிப் பேசவில்லை, உமது செயலின் விளைவைப் பற்றிப் பேசுகிறேன்" என்கிறார். இருவரும் ஒரே சொல்லைத்தான் கையாளுகின்றனர். அவர்கள் கருதும் பொருள்களோ வெவ்வேறானவை. இந்த முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அச்சொல்லின் வரலாற்றைச் சற்று ஆராய வேண்டியுள்ளது.

ஆங்கிலத்தில் 'ரேசிசம்' என்பது ஒரே சொல். தமிழில் நாம் அதற்கு இனவாதம், இனவெறி, இனப்பாகுபாடு என மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறோம். ஆழ்ந்து நோக்கினால், இம்மூன்றும் ஒரே பொருளைத் தருவன அல்ல. 'வாதம்' என்பது ஒரு கொள்கை. 'வெறி' என்பது உள்ளத்தில் மூளும் பகை. 'பாகுபாடு' என்பது நடைமுறையில் மக்கள் வேறுபடுத்தி நடத்தப்படும் நிலை. வியப்பிற்குரிய செய்தி என்னவெனில், ஆங்கிலச் சொல்லும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் தன் பொருளை விரித்துக்கொண்டு வந்துள்ளது.

செயல் பழையது, பெயர் புதியது

ஆப்பிரிக்க மக்களைக் கப்பல்களில் அடைத்து அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுசென்று விற்ற கொடுமை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. அக்காலம் முழுவதும் 'ரேசிசம்' என்ற சொல் ஆங்கிலத்தில் வழங்கவில்லை. தாம் செய்வதைப் பெரும்பாலோர் இயற்கையின் ஒழுங்கு என்றே எண்ணியிருந்தமையால், அதற்குத் தனிப்பெயர் ஒன்று தேவைப்படவில்லை.

கல்வியாளர்களும் அவ்வெண்ணத்திற்குத் துணைநின்றனர். தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், 1735 இல் வெளியிட்ட தம் நூலில் மனிதரையும் நான்கு வகையாகப் பிரித்தார். 1758 ஆம் ஆண்டுப் பதிப்பில், ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுவோர் என்றும், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கில் நடப்போர் என்றும் குணநலன்களையும் சேர்த்தெழுதினார். பிரான்சில் கோபினோ என்பவர் 1853 முதல் 1855 வரை வெளியிட்ட நூலில், மனித இனங்கள் ஏற்றத்தாழ்வு உடையவை என்பதையே வரலாற்றின் திறவுகோலாக முன்வைத்தார். இவையெல்லாம் அன்று அறிவியல் என மதிக்கப்பட்டன.

முதற் பதிவின் முரண்

'ரேசிசம்' என்ற சொல்லின் மிகப் பழைய ஆங்கிலப் பதிவுகளுள் ஒன்றாகக் காட்டப்படுவது, 1902 இல் அமெரிக்க இராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட் ஆற்றிய உரையாகும். மக்களை இனம் இனமாகப் பிரித்து ஒதுக்கி வைப்பது கூடாது. கலந்து வாழ்ந்தால்தான் இத்தீமை ஒழியும் என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு நல்ல கருத்தாகவே தோன்றுகிறது.

ஆனால் இந்த பிராட் யார்? பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் நகரில் 1879 இல் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியை நிறுவியவர். அங்கே கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் கூந்தல் கத்தரிக்கப்பட்டது, பெயர்கள் மாற்றப்பட்டன, தாய்மொழி பேசுவது தடுக்கப்பட்டது. பூர்வகுடியினன் என்ற அடையாளத்தை அழித்தால்தான் அவனுள் இருக்கும் மனிதனைக் காக்க முடியும் என்பது பிராட்டின் கொள்கை. நோயுற்று இறந்த பிள்ளைகள் பலர் அங்கேயே புதைக்கப்பட்டனர். அவர்களுடைய எச்சங்களை 2017 முதல் அமெரிக்க இராணுவம் தோண்டியெடுத்து, உறவினர்களிடமும் குலத்தாரிடமும் ஒப்படைத்து வருகிறது. இனத்தின் பேரால் பிரித்தலைக் கண்டித்தவரே, ஓர் இனத்தின் மொழியையும் வாழ்வையும் அழித்தலைத் தொண்டு என நம்பினார். அவர் அறிந்திருந்த பொருளில் அச்செயல் 'ரேசிசம்' ஆகவில்லை!

அக்காலத்துத் தென்னாப்பிரிக்காவிலோ இதைவிட விந்தையான வழக்கு நிலவியது. அங்கே 'இனப்பகை' என்று அரசியலாளர் பேசியபோது, ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இடையிலான பகையையே குறித்தனர். 1899 முதல் 1902 வரை போரிட்ட இவ்விரு வெள்ளைச் சமூகத்தாரும் இணங்கி, 1910 இல் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தை அமைத்தனர். அந்த ஒன்றியத்தின் நாடாளுமன்றத்தில் ஐரோப்பிய வம்சாவளியினர் மட்டுமே உறுப்பினராகலாம் என அரசியல் சட்டம் விதித்தது. பெரும்பான்மை மக்களான ஆப்பிரிக்கர் வெளியே நிறுத்தப்பட்டது இனச்சிக்கலாகக் கருதப்படவில்லை. அது 'சுதேசிகள் பிரச்சினை' என்ற வேறொரு தலைப்பில் அடங்கிற்று.

ஜெர்மனி தந்த பொருள்

இச்சொல்லுக்கு உலகளாவிய வழக்கைத் தந்தது நாஜி ஜெர்மனியே. பெர்லினில் வாழ்ந்த யூத மருத்துவர் மக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் வெளிநாட்டில் இருந்தபோது, 1933 மே மாதம் அவருடைய ஆய்வு நிறுவனம் சூறையாடப்பட்டது; நூலகத்தின் ஏடுகள் வீதியில் கொளுத்தப்பட்டன. தாயகம் திரும்ப இயலாத அவர், நாஜிகளின் இனக் கோட்பாட்டை மறுத்து ஒரு நூல் எழுதினார். 1935 இல் பிரான்சின் நீஸ் நகரில் காலமானார். அந்நூல் 1938 இல் ஆங்கிலத்தில் 'ரேசிசம்' என்ற ஒற்றைச் சொல்லையே தலைப்பாகத் தாங்கி வெளிவந்தது. அங்கு அச்சொல் குறித்தது ஒரு கொள்கையை, அதாவது மனிதனின் அறிவும் ஒழுக்கமும் அவன் குருதியால் தீர்மானிக்கப்படுகின்றன என்னும் போலி அறிவியலை.

அக்கொள்கை எத்துணைப் பொய்யானது என்பதை நாஜிகளின் சட்டமே காட்டிக்கொடுத்தது. 1935 செப்டம்பரில் நியூரெம்பர்க் சட்டங்கள் இயற்றப்பட்டன. யார் யூதர் என்பதைக் குருதியைக் கொண்டு கண்டறிய வழியேதும் இல்லை. எனவே, பாட்டன் பாட்டியர் நால்வருள் மூவரேனும் யூதராக இருந்தால் ஒருவர் யூதர் என விதித்தனர். அந்தப் பாட்டன் பாட்டி யூதர் என்பதற்கு என்ன சான்று? அவர்கள் யூத சமயச் சபையைச் சேர்ந்திருந்தார்கள் என்பதே! குருதியைப் பற்றிய சட்டம் இறுதியில் சமயப் பதிவேட்டையே நாடவேண்டியதாயிற்று.

ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்காவின் நிலை எவ்வாறிருந்தது? போர்க்காலத்தில் குருதிக் கொடையைத் திரட்டிய அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், 1941 இல் கறுப்பினத்தவரின் குருதியை ஏற்க மறுத்தது. கண்டனம் எழுந்தபின் 1942 தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டது. எனினும் கறுப்பர் குருதி, வெள்ளையர் குருதி எனத் தனித்தனியே பிரித்து வைத்தது. இம்முறை 1950 வரை நீடித்தது. குருதிநீரைச் சேமிக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவரான டாக்டர் சார்லஸ் ட்ரூ கறுப்பினத்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட், ஜீன் வெல்ட்ஃபிஷ் ஆகிய இரு பெண்மணிகள் 1943 இல், இனங்களுக்கிடையே பிறவி ஏற்றத்தாழ்வு இல்லை என்பதை எளிய நடையில் விளக்கிச் சிறுநூல் ஒன்றை எழுதினர். முதலாம் உலகப் போர்க்கால இராணுவ அறிவுத்திறன் தேர்வுகளில், வட மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பினத்தவர், தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். பிறப்பன்று, பள்ளிக்கூடமே காரணம் என்பது இதனால் விளங்கிற்று. கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கடுமையாக எதிர்க்கவே, 1944 இல் இராணுவம் அந்நூலைத் தன் வீரர்களுக்கு வழங்காமல் நிறுத்திவிட்டது. பிறர் நாட்டில் காணும்போது பளிச்செனத் தெரியும் தீமை, தம் வீட்டில் இருக்கும்போது கண்ணுக்குப் படுவதில்லை.

கொள்கை வீழ்ந்தது, நடைமுறை நின்றது

போர் முடிந்தபின், இனக் கொள்கையை அறிஞர்கள் ஒன்றுகூடி மறுக்க வேண்டும் என யுனெஸ்கோ நிறுவனம் முடிவு செய்தது. 1950 இல் வெளியான அதன் அறிக்கை, 'இனம்' என்பது உயிரியல் உண்மை என்பதைக் காட்டிலும் சமூகம் படைத்த கற்பனையே என அறிவித்தது. அவ்வறிக்கையை வகுத்த குழுவில் நம் நாட்டின் பேராசிரியர் ஹுமாயூன் கபீரும் இடம்பெற்றிருந்தார். பின்னாளில் மத்திய அமைச்சராக விளங்கியவர் இவரே. உயிரியலாளர் சிலர் ஆட்சேபித்ததால் 1951 இல் திருத்திய அறிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. எவ்வாறாயினும், இனக் கொள்கை அறிவுலகில் தன் மதிப்பை இழக்கத் தொடங்கிற்று.

ஆனால் கொள்கை வீழ்ந்தால் கொடுமையும் வீழ்ந்துவிடும் என்ற நம்பிக்கை பொய்த்தது. அதே 1950 இல் தென்னாப்பிரிக்கா, குடிமக்கள் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டத்தை இயற்றியது. ஐயத்திற்குரியவர்களின் தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா எனப் பார்த்து இனத்தை முடிவு செய்த அதிகாரிகளும் இருந்தனர். கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்று நேட்டால் பகுதியில் தங்கிவிட்ட தமிழர் உள்ளிட்ட இந்தியரும் இப்பதிவேட்டிற்குத் தப்பவில்லை. யுனெஸ்கோவின் வெளியீடுகள் தன் உள்விவகாரத்தில் தலையிடுவதாகக் கூறிய அந்நாடு, அந்நிறுவனத்தை விட்டே வெளியேறிற்று. 1994 இல்தான் மீண்டும் சேர்ந்தது.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்ற ஊரில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது காவலர் சுட்டதில் குறைந்தது 69 பேர் உயிரிழந்தனர். உலகம் அதிர்ந்தது. 1965 டிசம்பர் 21 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இனப்பாகுபாடு அனைத்தையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை ஏற்றது. அதன் முதல் விதியை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பாகுபாடு காட்டும் 'நோக்கம்' உடைய செயல் மட்டுமன்று, அத்தகைய 'விளைவு' தரும் செயலும் குற்றமே என அது வரையறுத்தது. உள்ளத்தை மட்டும் அளந்துவந்த சொல், இங்கே விளைவையும் அளக்கத் தொடங்கிற்று.

அவ்விதியில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்குமாறு முன்மொழிந்த நாடு இந்தியா. 2001 இல் டர்பன் நகரில் நடந்த உலக மாநாட்டில், சாதியையும் இதன்கீழ்ப் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. மறு ஆண்டு, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, வம்சாவளி என்பது சாதியையும் உள்ளடக்கும் என விளக்கம் அளித்தது. ஒரு சொல்லை நாம் முன்மொழியலாம்; ஆனால் அச்சொல் நம்மை நோக்கியும் திரும்பும்.

மக்காவிலிருந்து ஒரு பார்வை

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அவர்களின் வாழ்வு, இப்பொருள் மாற்றத்தை ஒரு தனிமனித உள்ளத்தில் காட்டுகிறது. அவர் சார்ந்திருந்த இயக்கம், வெள்ளையர் பிறப்பிலேயே தீயோர் எனப் போதித்து வந்தது. 1964 மார்ச்சில் அவ்வியக்கத்தை விட்டு விலகிய அவர், ஏப்ரலில் புனித ஹஜ் பயணம் மேற்கொண்டார். வெண்ணிறத்தவருடன் ஒரே தட்டில் உண்டு, ஒரே விரிப்பில் உறங்கி, ஒரே வரிசையில் தொழுத அனுபவத்தைக் கடிதங்களில் எழுதினார். தீமை தோலின் நிறத்தில் இல்லை. அந்நிறத்தை மேன்மையின் அடையாளமாக்கிய மனப்பாங்கிலும், அம்மனப்பாங்கை வளர்க்கும் சமூகச் சூழலிலுமே உள்ளது என்ற தெளிவு அவருக்குப் பிறந்தது. எனினும், அமெரிக்க அமைப்பின் மீது அவர் கொண்ட கண்டனம் தளரவில்லை. 1965 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1967 இல் ஸ்டோக்லி கார்மைக்கேல், சார்லஸ் ஹாமில்டன் ஆகிய இருவர் எழுதிய நூல், 'நிறுவனமயமான இனவெறி' என்ற தொடரை வழக்கிற்குக் கொண்டுவந்தது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் 1963 இல் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமியரைக் கொன்றது தனிமனிதரின் கொடுமை. அதை யாவரும் கண்டித்தனர். அதே நகரில் போதிய உணவும் உறையுளும் மருத்துவமும் இன்றி ஆண்டுதோறும் கறுப்பினக் குழந்தைகள் பெருமளவில் இறந்தன. அதைக் கண்டிப்பார் இல்லை. ஏனெனில் அங்கே கொலையாளி என்று சுட்டிக்காட்ட ஒரு முகம் இல்லை. இதுவே அவர்களின் வாதம்.

நீதிமன்றமும் இவ்வழியில் வந்தது. வட கரோலினாவில் டியூக் மின் நிறுவனம், கறுப்பினத்தவரை நெடுங்காலம் கடைநிலைப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 இல் நடைமுறைக்கு வந்தபோது, மேல்நிலை வேலைகளுக்குப் பள்ளிச் சான்றிதழும் எழுத்துத் தேர்வும் வேண்டும் என்ற நிலையை உருவாக்கிற்று. விதி அனைவருக்கும் பொதுவானதே. ஆனால், நல்ல பள்ளிகள் மறுக்கப்பட்ட கறுப்பினத்தவரையே அது வடிகட்டியது. சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளையரோ அவ்வேலைகளைக் குறைவின்றிச் செய்துவந்தனர். வேலைத் திறனோடு தொடர்பற்ற விதி, வடிவில் நடுநிலையாக இருப்பினும் விளைவில் பாகுபாடு செய்யுமாயின் செல்லாது என 1971 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இலண்டன் பேருந்து நிறுத்தத்தில்

பிரிட்டனில் 1981 இல் பிரிக்ஸ்டன் கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் பிரபு, காவலர் சிலரிடம் தவறான எண்ணம் உண்டு என ஒப்புக்கொண்டார். ஆனால் நிறுவனமயமான இனவெறி இல்லை என்றார். 1993 ஏப்ரல் 22 அன்று, இலண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்த 18 வயது மாணவர் ஸ்டீஃபன் லாரன்ஸ் வெள்ளை இளைஞர் கூட்டத்தால் குத்திக் கொல்லப்பட்டார். புலனாய்வு தொடக்கத்திலேயே சீர்குலைந்தது. நீதி கேட்டு அலைந்த பெற்றோரின் விடாமுயற்சியால் மீண்டும் விசாரணை அமைந்தது. 1999 பிப்ரவரியில் மக்ஃபர்சன் அறிக்கை, காவல்துறையில் நிறுவனமயமான இனவெறி உள்ளது எனத் தீர்மானித்தது. அறியாமை, கவனமின்மை, உணராமலே கொண்டிருக்கும் தவறான எண்ணம் ஆகியவற்றாலும் ஒரு நிறுவனம் மக்களுக்குரிய சேவையை மறுக்கக்கூடும் என அது விளக்கியது. கொலையாளிகளுள் இருவர் 2012 இல் தண்டிக்கப்பட்டனர். அந்த இளைஞர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் நெருங்கியிருந்தன.

2023 மார்ச்சில் லூயிஸ் கேசி அம்மையாரின் அறிக்கை, இலண்டன் காவல்துறையைப் பற்றி மீண்டும் அதே முடிவைக் கூறியது. காவல்துறை ஆணையர் அறிக்கையின் கண்டறிதல்களை ஏற்றார். ஆனால் 'நிறுவனமயமான' என்ற அடைமொழியைத் தாம் பயன்படுத்தப் போவதில்லை என்றார். ஒரு சொல்லை ஏற்பதும் மறுப்பதும் எத்துணைக் கனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சமயமும் இனமும்

1983 இல், தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவரைப் பள்ளி சேர்க்க மறுத்த வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழுவினரே எனப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. யூதரும் அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றிருந்தனர். முஸ்லிம்களோ பல இனத்தவர் என்பதால், அப்பாதுகாப்பு முஸ்லிம் என்ற நிலையில் கிட்டவில்லை. சமய அடிப்படையிலான பாகுபாட்டை வேலைவாய்ப்பில் தடுக்கும் விதிகள் 2003 இல்தான் வந்தன. 1997 இல் ரன்னிமீட் அறக்கட்டளையின் அறிக்கை 'இஸ்லாமோஃபோபியா' என்ற சொல்லைப் பரவலாக்கியது. 2018 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று, அது இனவெறியில் வேரூன்றியது என வரையறுத்தது. அன்றைய அரசு அவ்வரையறையை ஏற்கவில்லை. சமயம் இனமன்று, அதை விமர்சிக்கும் உரிமை வேண்டும் என்பது ஒரு சாரார் வாதம். பெயரையும் தாடியையும் முக்காட்டையும் கண்டு ஒருவரை ஒதுக்குவோர் அவருடைய நம்பிக்கையை ஆராய்ந்தா ஒதுக்குகின்றனர் என்பது மறு சாராரின் வினா. நியூரெம்பர்க் சட்டம் சமயப் பதிவேட்டைக் கொண்டே இனத்தை வகுத்ததை நினைத்தால், இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

2020 இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையுண்ட பின்னர், அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்கு இளம் பட்டதாரிப் பெண் ஒருவர் கடிதம் எழுதினார். அகராதியின் விளக்கத்தைக் காட்டியே பலரும் தம்மை மடக்குகின்றனர், சமூக அமைப்பில் உறைந்துள்ள அநீதி அதில் தெளிவாக இல்லை என்பது அவர் முறையீடு. பதிப்பாசிரியர்கள் அதை ஏற்று விளக்கத்தைத் திருத்தினர்.

நாம் பெறும் படிப்பினை

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பழைய பொருளுக்குள் தம் துயரம் அடங்கவில்லை எனப் பாதிக்கப்பட்டோர் கண்டபோதெல்லாம் சொல் விரிந்தது. குற்றம் சாட்டப்பட்டோர் எப்போதும் அதன் பழைய, குறுகிய பொருளுக்குள் புகலிடம் தேடினர். அளவின்றி விரிக்கப்படும் சொல் தன் கூர்மையை இழந்துவிடும் என்னும் எச்சரிக்கையிலும் உண்மை உண்டு. ஆதலின், எந்தப் பொருளில் பேசுகிறோம் எனத் தெளிவுபடுத்தியபின் வாதிடுவதே நேர்மையாகும்.

நம் தமிழ் வழக்கும் இங்கே சிந்திக்கத்தக்கது. 'வெறி' என்று சொல்லும்போது, வெறி பிடித்தவர் யாரோ ஒருவர், நாம் அல்லர் என்ற நிம்மதி நமக்குக் கிடைத்துவிடுகிறது. அபூதர் (ரலி) அவர்கள் சினத்தில் ஒரு மனிதரை அவருடைய தாயைக் குறித்து இழித்துரைத்தபோது, அறியாமைக் காலத்துப் பண்பு அவரிடம் இன்னும் எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) என விளக்கவுரையாளர் கூறுவர். கண்டிக்கப்பட்டவர் கொடியவர் அல்லர், மதிப்பிற்குரிய தோழர். நல்லவரிடமும் இக்குறை தங்கியிருக்கக்கூடும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் நிறத்தைக் குறித்து மெல்லிய குரலில் பேசும்போதும், குலம் கேட்டு வீட்டை வாடகைக்கு விடும்போதும், வடமாநிலத் தொழிலாளரின் கூலியைக் குறைத்துப் பேசும்போதும் நம் உள்ளத்தில் வெறி இருப்பதில்லை. ஆனால் விளைவு இருக்கிறது. அவ்விளைவைச் சுமப்பவரிடம் கேட்டால், அதற்குரிய பெயரை அவர் சொல்வார். அதைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும்.